சிடி ரைட்டருக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?

போன இதழில் பழைய சிடிகளில் கிடக்கும் படங்களையும் பாட்டுகளையும் காப்பாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பல பேர் கேட்டிருப்பது ஒரே விஷயம்தான்: "ரைட்டர் இருக்கிறது, டிரைவர் இல்லை." (டிரைவர் என்றால், ஒரு கருவியோடு பேசக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் புரோகிராம்.) பரணிலிருந்து இறக்கியது, தம்பி கொடுத்துவிட்டுப் போனது, ஸ்டூடியோவை மூடும்போது மிச்சமானது என்று விதவிதமான ரைட்டர்கள். மதுரையில் 1998-இலிருந்து சர்வீஸ் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதில் அநேகமாக எல்லா வகையும் என் கைக்கு வந்து போனதுதான். அதனால் இந்த முறை முழுக்க ரைட்டர் கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

"2003-இல் வாங்கிய ஐடிஇ சிடி ரைட்டர் இன்னும் புதிதுபோல் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் அந்தப் பட்டையான ஐடிஇ கேபிளைச் செருக இடமே இல்லை. தயாரித்தவர்களின் தளத்தில் எக்ஸ்பி வரைக்கும்தான் ஃபைல்கள் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்கு டிரைவர் எங்கே கிடைக்கும்?" — கும்பகோணம் வாசகர்

எங்கும் கிடைக்காது. தேடவும் வேண்டாம், உங்களுக்கு அது தேவையே இல்லை.

பிரிண்டருக்கு மாடலுக்கு ஒரு டிரைவர் போட்டுப் பழகிவிட்டோம். ரைட்டருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ரைட்டர் வேறு மாதிரி. இந்த இடத்திலிருந்து படி, லேசரின் சக்தியைச் சரிபார்த்துக்கொள், இந்த டிராக்கை மூடு என்று கம்ப்யூட்டர் அதற்குச் சொல்லும் கட்டளைகள் எல்லாம் எம்எம்சி என்ற பொதுத் தரத்தில் வகுக்கப்பட்டவை. உங்கள் ரைட்டர் வந்த காலத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அந்தக் கட்டளைகளுக்குத்தான் பதில் சொல்லும். அவை ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையின் குடும்பத்தில் பிறந்தவை. ஐடிஇ ரைட்டர் வந்தபோது அதே ஸ்கஸி கட்டளையை 12 பைட் பொட்டலமாகக் கட்டி ஐடிஇ கேபிளில் அனுப்பினார்கள். அதற்குப் பெயர் அடாபி. யூஎஸ்பியிலும், ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா கேபிளிலும் போவதும் அதே பொட்டலம்தான். கடிதம் ஒன்றுதான், கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிதான் வேறு.

ஆக, விண்டோஸுக்குத் தெரியவேண்டியவை இரண்டு. கடிதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அது விண்டோஸோடு வரும் பொதுவான சிடிராம் டிரைவரிலேயே இருக்கிறது. வண்டியை ஓட்டத் தெரிய வேண்டும். அதாவது ஐடிஇ கன்ட்ரோலர், யூஎஸ்பி, சாட்டா இவற்றுக்கான டிரைவர். உங்களுக்கு இல்லாமல் போனது வண்டிதான். யூஎஸ்பி–ஐடிஇ அடாப்டர் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். சில மலிவான அடாப்டர்கள் ஹார்ட் டிஸ்க்கோடு மட்டும்தான் பேசும், அடாபி பொட்டலத்தை உள்ளே விடாது. "சிடி, டிவிடி டிரைவுக்கும் ஆகும்" என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கரண்ட். ஐடிஇ ரைட்டருக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும், யூஎஸ்பி கேபிள் அதைத் தராது. நாலு முனை பவர் பிளக்கோடு தனி அடாப்டர் சேர்ந்து வரும் செட்டாக வாங்குங்கள். ரைட்டர் மேல் ஒட்டியுள்ள லேபிளில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பவர் அடாப்டர் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

முதலில் பவரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். விளக்கு மின்னி, பட்டனை அழுத்தினால் டிரே வெளியே வந்தால் டிரைவ் உயிரோடு இருக்கிறது. பின்பக்கம் உள்ள சின்ன ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள் (ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ்). 2003-இல் அது உங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஸ்லேவாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்லேவில் இருந்தால் பல அடாப்டர்களுக்கு டிரைவ் கண்ணிலேயே படாது. இதற்குப் பிறகு யூஎஸ்பியைச் செருகினால் எந்த சிடியும் இன்ஸ்டால் செய்யாமலே கம்ப்யூட்டரில் டிரைவ் எழுத்து வந்துவிடும். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சிடிக்கு ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 150 கிலோபைட். 52 மடங்கு என்றாலும் 8 எம்பியைத் தொடாது. யூஎஸ்பி 2.0 அதைத் தாராளமாகத் தாங்கும்.

தயாரித்தவர்களின் தளத்தில் நீங்கள் பார்த்த எக்ஸ்பி ஃபைல் டிரைவராக இருக்காது. பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது ரைட்டருக்குள்ளேயே இருக்கும் புரோகிராமின் அப்டேட்டாக இருக்கும். அதை யூஎஸ்பி அடாப்டர் வழியாக ஏற்றிப் பார்க்காதீர்கள். பாதியில் நின்றால் நல்ல டிரைவ் போய்விடும்.

"டிவைஸ் மேனேஜரில் என் டிவிடி ரைட்டரின் டிரைவர் தேதி 21-6-2006 என்று காட்டுகிறது. லேப்டாப் வாங்கியது 2019. ஒரு தளம் 'உங்கள் டிரைவர் மிகப் பழையது' என்று சிவப்பில் காட்டிப் பணம் கேட்கிறது. கட்டலாமா?" — தஞ்சாவூர் வாசகி

கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அந்தத் தேதி மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போட்டது. விண்டோஸோடு வரும் டிரைவர்கள் பலவற்றுக்கும் இதே 21-6-2006 தான் இருக்கும், உங்கள் கீபோர்டையும் பாருங்கள், தெரியும். விண்டோஸ் இரண்டு டிரைவர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது தேதியையும் பார்க்கிறது. சொந்த டிரைவருக்கு ஒவ்வொரு அப்டேட்டிலும் புதுத் தேதி போட்டுக்கொண்டே போனால், தயாரிப்பாளர் கொடுத்த டிரைவரைத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஆகக்கூடாது என்று தன் தேதியை விஸ்டா காலத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் புரோகிராம் அந்தந்த விண்டோஸுக்கு உரியதுதான். இந்த ஒரு தேதியைக் காட்டிப் பயமுறுத்தியே எத்தனையோ பேரிடம் பணம் பிடுங்குகிறார்கள். எனக்குக் கோபம் வரும் விஷயம் இது.

"ரைட் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தேன். மறுநாள் மை கம்ப்யூட்டரில் டிரைவே காணோம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 39 என்கிறது. கடையில் டிரைவ் போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள்." — விருதுநகர் வாசகர்

கோட் 39 அல்லது கோட் 19 வந்தால் முதலில் டிரைவைச் சந்தேகப்படாதீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பயாஸில் (விண்டோஸ் கிளம்புமுன் வரும் செட்டிங்ஸ் திரையில்) போய்ப் பாருங்கள். அங்கே டிரைவின் பெயர் தெரிந்தால் டிரைவ் நன்றாக இருக்கிறது. பழுது விண்டோஸுக்குள்.

நடந்தது இதுதான். ரைட்டிங் சாஃப்ட்வேர்கள் பல, விண்டோஸின் சிடி டிரைவருக்கு மேலேயும் கீழேயும் தங்களுடைய ஒரு துண்டைச் சொருகி வைக்கும். ஃபில்டர் டிரைவர் என்று பெயர். அன்இன்ஸ்டால் செய்யும்போது ஃபைலை அழித்துவிட்டு, "அந்தத் துண்டையும் ஏற்று" என்ற குறிப்பை விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் விட்டுவிட்டுப் போகும். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் இல்லாத ஃபைலைத் தேடி, கிடைக்காமல், மொத்த டிரைவையும் நிறுத்திவிடுகிறது.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, முதலில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். லோக்கல் மெஷினுக்குக் கீழே சிஸ்டம், அதில் கரண்ட் கன்ட்ரோல் செட், அதில் கன்ட்ரோல், அதில் கிளாஸ். நீளமான எண் பெயர்கள் வரிசையாக நிற்கும். 4டி36இ965 என்று தொடங்குவதைத் திறங்கள். வலப்பக்கம் கிளாஸ் என்பதற்கு எதிரே சிடிராம் என்று இருந்தால் சரியான இடம். பக்கத்திலேயே இதேபோல் 967 என்று முடியும் ஒன்று இருக்கும். அது ஹார்ட் டிஸ்க், அதில் கை வைத்தால் கம்ப்யூட்டர் கிளம்பாமல் போய்விடும். 965-இல் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரிகள் இருந்தால் அவற்றை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் டிரைவ் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறேன். அந்த ஃபில்டரை நம்பி வேறு ரைட்டிங் சாஃப்ட்வேர் இருந்தால் அதைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டிவரும்.

"கையடக்க யூஎஸ்பி டிவிடி ரைட்டர் வாங்கினேன். சிடியைப் படிக்கிறது. எழுதத் தொடங்கினால் மட்டும் டிக் டிக் என்ற சத்தம், உடனே டிரைவ் மறைந்து மறுபடி வருகிறது. டிரைவர் மாற்ற வேண்டுமா?" — நாகர்கோவில் வாசகர்

இது கரண்ட் பசி. டிரைவர் இல்லை.

போன வாரம்தான் ஒரு பெண்மணி இதே புகாரோடு ஒரு ரைட்டரைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரின் முன்பக்கப் போர்ட்டில் ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டரைச் செருகி, அதன் வழியாக ரைட்டரைக் கொடுத்தேன். சும்மா இருக்கும்போது 5.05 வோல்ட். தட்டு சுழல ஆரம்பித்ததும் 4.7. எழுதும் லேசர் எரிந்த அந்த நொடியில் 4.4-க்கு இறங்கி, டிக் என்றது, விளக்கு அணைந்தது. அதே ரைட்டரை, அதே கேபிளை, பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் மாற்றினேன். ஒரு முழு சிடியை எழுதி முடித்தது. முன்பக்கப் போர்ட்டுக்கு கேபினட்டுக்குள் ஒரு மெல்லிய ஒயர் ஓடுகிறது, வோல்டேஜ் அதிலேயே தேய்ந்துவிடுகிறது.

யூஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர். 3.0 போர்ட் என்றால் 900. படிப்பதற்கு 500 போதும், எழுதும்போது அதைத் தாண்டிக் கேட்கும். அதனால்தான் சில ரைட்டர்களோடு இரண்டு தலை உள்ள கேபிள் வருகிறது. இரண்டையும் செருகுங்கள். நீல நாக்கு உள்ள 3.0 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். மெல்லிய நீளக் கேபிளையும், தனி பவர் இல்லாத ஹப்பையும் தள்ளி வையுங்கள்.

"பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 7 போடும்போது 'சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று நிற்கிறது. என் கம்ப்யூட்டரில் சிடி டிரைவே கிடையாதே!" — ஓசூர் வாசகர்

அந்தச் செய்தி எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது! விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கிடையாது. பயாஸின் தயவில் இன்ஸ்டாலேஷன் தொடங்கும். அப்புறம் விண்டோஸ் தானே போர்ட்டை ஏற்று நடத்த வேண்டிய கட்டத்தில் அது தெரியாமல், தான் கிளம்பி வந்த பென்டிரைவையே தொலைத்துவிடும். அதைத்தான் அப்படிச் சொல்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிவிடியில் எழுதிப் போடுபவருக்கு இதே செய்தி வந்தால், தட்டு சரியாக எழுதப்படவில்லை என்று பொருளாக இருக்கலாம். குறைந்த வேகத்தில் இன்னொன்று எழுதிப் பாருங்கள்.

"கேசட்டுகளை சிடியாக்க, பழைய சவுண்டு கார்டுக்காக ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு சிடி எழுத அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எழுதும்போது மவுஸ்கூட நகரமாட்டேன் என்கிறது." — காரைக்குடி வாசகர்

மவுஸ் நகராது என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. உங்கள் ஐடிஇ சேனல் டிஎம்ஏவிலிருந்து பிஐஓவுக்கு இறங்கிவிட்டது.

டிஎம்ஏவில் இருக்கும்போது தகவல் நேராக மெமரியிலிருந்து ரைட்டருக்குப் போகும், பிராசஸருக்கு அதிக வேலையில்லை. பிஐஓவில் ஒவ்வொரு துண்டையும் பிராசஸரே தூக்கிக் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. கீறல் விழுந்த சிடியாலோ, தளர்ந்த கேபிளாலோ ஆறு முறைக்கு மேல் பிழை சேர்ந்துவிட்டால், அந்தச் சேனலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு தானாக மேலே ஏற்றாது.

2002-இல் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் இதே சங்கடத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மாப்பிள்ளை வீட்டுக்கு முப்பது சிடி போயாக வேண்டும். "அண்ணே, எழுபது பர்சென்ட்டுல நின்னுருச்சு" என்று பையன் சொல்லச் சொல்ல, கெட்டுப்போன தட்டுகள் மேஜை ஓரத்தில் ஏறிக்கொண்டே போயின. எழுதவேண்டியதை முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அந்த ரைட்டரின் பஃபர் 2 எம்பி. 16 மடங்கு வேகத்தில் எழுதினால் அது ஒரு நொடிக்குள் காலி. அதற்குள் அடுத்த துண்டு வராவிட்டால் லேசருக்கு எழுத ஒன்றும் இல்லை, தட்டு வீண். எழுதும்போது நின்று, விட்ட இடத்திலேயே தொடரும் வித்தையை சான்யோ 2000-இல் பர்ன்–ப்ரூஃப் என்று கொண்டுவந்தது. ஸ்டூடியோவில் இருந்த ரைட்டருக்கு அந்த வித்தை தெரியாது. விடியும் நேரத்தில்தான் எனக்கு பிஐஓ கண்ணில் பட்டது. சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்த பிறகு எழுதியதில் ஒரு தட்டும் கெடவில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் பகுதியைத் திறந்து, ரைட்டர் உள்ள சேனலின் (பெரும்பாலும் செகண்டரி) அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இப்போதைய மோடு என்ன என்று பாருங்கள். பிஐஓ என்றால், அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் போடும். கூடவே கேபிளையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஆறு பிழை மறுபடி சேர்வதற்கு அதிக நாள் ஆகாது.

"பழைய லினக்ஸ் புத்தகத்தில், ஐடிஇ ரைட்டரில் எழுத பூட் வரியில் 'எச்டிசி=ஐடிஇ-ஸ்கஸி' என்று சேர்க்கச் சொல்கிறது. லினக்ஸ் மின்ட்டில் சேர்த்தேன், ஒரு பலனும் இல்லை." — கோவை மாணவர்

அந்தப் புத்தகம் 2.4 கெர்னல் காலத்தது (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி). அந்தக் காலத்துக்கு அது முழுக்கச் சரி. அதன் கதை எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

லினக்ஸில் எழுதுவதற்கு இருந்த முக்கியக் கருவி, ஜெர்மனியின் யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிரெக்கார்ட். அது ஸ்கஸி டிரைவோடு மட்டுமே பேசும். 0,0,0 என்பதுபோல் மூன்று எண்களாகத்தான் டிரைவைக் குறிப்பிட வேண்டும். நம் ஊரில் ஸ்கஸி கார்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? எல்லாரிடமும் இருந்தது ஐடிஇ. அதற்காகத்தான் ஐடிஇ-ஸ்கஸி என்ற பகுதியைச் செய்தார்கள். ஐடிஇ கேபிளில் போவதும் ஸ்கஸி கட்டளைதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் ஐடிஇ ரைட்டரை ஸ்கஸி டிரைவ்போல் காட்டுவதற்குப் பெரிய மாயம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பூட் வரியில் அதைச் சொல்லவில்லையென்றால் சாதாரண சிடி டிரைவர் முந்திக்கொள்ளும், சிடிரெக்கார்டின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது. அதிலிருந்து ஐடிஇ ரைட்டரை நேராகவே எச்டிசி என்று அதன் பெயரைச் சொல்லி எழுத முடிந்தது. பிறகு ஐடிஇ, சாட்டா இரண்டையும் லிப்அடா என்ற ஒரே பகுதி ஏற்றுக்கொண்டது. பழைய ஐடிஇ பகுதியையே 2021-இல் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று உங்கள் ரைட்டர் எந்த கேபிளில் வந்தாலும் அதன் பெயர் எஸ்ஆர்0 தான். வண்டி எதுவானாலும் வாசலில் ஒரே பெயர்ப்பலகை. விண்டோஸைவிட லினக்ஸ் இதை அழகாகச் செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பூட் வரியில் சேர்த்ததை நீக்கிவிடுங்கள். கே3பி என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்தால் தானே ரைட்டரைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தும் எழுத அனுமதி இல்லை என்று சொன்னால், உங்கள் பயனர் பெயர் 'சிடிராம்' குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஸ்கஸி ரைட்டரும் அதன் பிசிஐ கார்டும் இருக்கின்றன. பயன்படுமா?" — சேலம் வாசகர்

பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய மதர்போர்டு இருந்தால், லினக்ஸ் போடுங்கள். அடாப்டெக் 2940 போன்ற கார்டுகளுக்கான டிரைவர் இன்றும் கெர்னலில் இருக்கிறது. புது விண்டோஸில் சிக்கல் ரைட்டரால் வராது, கார்டுக்கு டிரைவர் இல்லாததால்தான் வரும். கேபிளின் கடைசியில் அதன் முனையை அடைக்கும் டெர்மினேட்டர் இருக்கட்டும், ரைட்டரின் ஐடி எண் கார்டின் எண்ணோடு மோதாமல் இருக்கட்டும். கார்டு வழக்கமாக 7-ஐ எடுத்துக்கொள்ளும்.

"பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் பழைய வெளி ரைட்டர் ஒன்று அப்பாவுடையது. பிரிண்டர் போர்ட்டை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் வாங்கி மாட்டினேன், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை." — திருநெல்வேலி வாசகி

அந்தக் கேபிள் பிரிண்டரோடு மட்டும்தான் பேசும். ரைட்டருக்குத் தேவை மதர்போர்டிலோ கார்டிலோ உள்ள உண்மையான பேரலல் போர்ட். ஒவ்வொரு ஒயரையும் நேரடியாக ஆட்டி அசைத்துத்தான் அது தகவல் அனுப்பும், யூஎஸ்பி கேபிளுக்கு அந்த வேலை தெரியாது. உண்மையான போர்ட் உள்ள கம்ப்யூட்டர் கிடைத்தால் லினக்ஸில் வழி இருக்கிறது. பேரலல் போர்ட் டிரைவ்களுக்காகவே பாட்டா-பார்போர்ட் என்ற பகுதி 2023-இல் கெர்னலில் சேர்ந்தது.

ஆனால் உங்களுக்கு அவ்வளவு சுற்று வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த ரைட்டர்கள் பெரும்பாலும் உள்ளே சாதாரண ஐடிஇ டிரைவும், அதைப் பேரலல் போர்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன போர்டும்தான். கரண்டைப் பிடுங்கிவிட்டு, அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி மூடியை மெதுவாக எடுத்துப் பாருங்கள். டிரைவின் பின்பக்கம் இரண்டு வரிசையாக 40 பின் உள்ள சாக்கெட்டும் நாலு முனை பவர் பிளக்கும் தெரிந்தால், கும்பகோணத்துக்காரருக்குச் சொன்ன அதே யூஎஸ்பி அடாப்டர் போதும். ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.